கடைக்காரர் பார்த்த துவக்கு

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கோபிகாவும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்களும் அத்தானும் வித்தியாவும் சுகம்தானே? போன கிழமைதான் கண்ணால் பார்த்தேன், என்றாலும் சுகம் கேட்காமல் தொடங்கினால் நீங்கள் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பக்கூடிய ஆள். வாத்தியார் வேலையை விட்டுத் தெப்பனேர் என்று மூலைக்கடை நடத்தினாலும் குணம் போகுமா?

வித்தியா, சாப்பாட்டு மேசையில் இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற கதையை உன் தமிழ்ப் பாடத்துக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். 'ழ' வருகிற இடத்தில் ஓடாதே, மெல்லப் போ. மாமா உனக்காக விபரமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஊர் ரெஜான் அத்தானுக்குக் கொடுத்த துவக்கை இங்கே துவக்குத் திருத்துகிற கடையில் காட்டினேன். ரெஜானின் தகப்பன் காலம் முழுக்க அதில் ஈயச் சன்னம், அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டு, போட்டு முயல் சுட்டவர். வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது. சதுப்பில் விழுகிற ஈயத்தைப் பறவைகள் விழுங்கி நஞ்சேறிச் சாகும், அதனால் சட்டம் விடாது. இனி உருக்குச் சன்னம், அல்லது பிஸ்மத் என்று ஒரு மெதுவான உலோகம். அந்தப் பழைய இரட்டைக் குழல் உருக்கைத் தாங்குமா என்று தெரியவேண்டும். கடைக்காரர் வயதான மனிதர். துவக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பெல்ஜியத்து நல்ல வேலை" என்றார். ஆனால் அளந்து பார்க்க நாலு கிழமை செல்லுமாம். அவருக்கு முன்னால் ஒரு அலுமாரி நிறையத் துவக்குகள் காத்துக் கிடக்கின்றன.

அத்தானிடம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். அது அவருக்கு வராத சாமான் என்று தெரியும், என்றாலும் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
கிருபா


30 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் மட்டும் நலமில்லை. கோபிகாவின் ஆஸ்பத்திரி வேலை இரவிலிருந்து பகலுக்கு மாறியதா? அவளைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை வித்தியா வாசித்தாள். 'சதுப்பு' என்றால் என்ன என்று கேட்டாள். யன்னலுக்கு வெளியே காட்டினேன்.

உன் அத்தானுக்கு நாலு கிழமை என்றதும் முகம் விழுந்துவிட்டது. இந்த ஊரில் எட்டு வருடம் கடை நடத்துகிறார், இந்த வருடம்தான் ரெஜானும் ஆட்களும் வேட்டைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "கடைக்காரத் தமிழன் எண்டு கூப்பிட்டவங்கள் இப்பதான் ரவி எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள்" என்று சொல்லிச் சொல்லித் திரிகிறார். வெள்ளை வாத்துகள் இறங்குகிற நாளில் வெறுங்கையோடு நிற்க அவருக்கு வெட்கம்.

நான் சொல்வது வேறு. நாலு கிழமை என்ன, நாற்பது கிழமை ஆனாலும் ஆகட்டும். துவக்கு தெரிந்தவர் ஒருவர் பார்த்து "சரி" என்று வாயால் சொன்ன பிறகுதான் அது என் வீட்டுக்கு வரவேண்டும். அத்தான் போன் எடுத்து உன்னை அவசரப்படுத்துவார். நீ மசியாதே. நீ அவருக்கு இல்லை என்று சொன்னதை நான் இதுவரை கண்டதில்லை, இந்த ஒருமுறை சொல்லிப் பழகு.

அன்புடன் அக்கா,
சிவநேசம்


கோட்-டெ-நெய்ஜ்
14 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க அந்த முருகன் துணை. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறீர்களா, இல்லை கடைக் கல்லாவில் உட்கார்ந்தே காலம் போகிறதா?

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கடைச் சாமான் எடுக்க இங்கே வந்தபோது துவக்கைக் கொடுத்துவிட்டேன். பயமில்லை. கடைக்காரர் நல்ல வேலை என்று சொன்னார், எழுதினேனே. பிஸ்மத் தோட்டா கடைகளில் இல்லை, சொல்லிவைத்து எடுக்கவேண்டுமாம். உருக்குத் தோட்டா கிடந்தது, ஒரு பெட்டி வாங்கி அதையும் கொடுத்தேன். அத்தான் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். கோபிகா இறால் குழம்பு வைத்தாள், மூன்றுதரம் சோறு வாங்கினார், இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன்.

இங்கே மழை. வேலைத்தலத்தில் புதிதாக ஒரு கடைசல் இயந்திரம் வந்திருக்கிறது. அதைப் பழக்குவது என் பொறுப்பு. பழைய ஆட்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள். மேல் மாடியில் தமிழ்நாட்டுப் பொடியன்கள் மூன்று பேர் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், இரவு முழுக்கக் கதிரை இழுக்கிறார்கள்.

வித்தியாவுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தம்பி,
கிருபா


26 செப்டெம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமும் அதுவே ஆகுக.

மழை, இறால், கடைசல் இயந்திரம், கதிரை எல்லாம் வாசித்தோம். நான் கேட்ட ஒன்றைத்தான் காணவில்லை. நாலு கிழமை என்ற மனிதர் எப்படி இவ்வளவு கெதியாகத் தந்தார்? குழலுக்குள் விட்டு அளந்தாரா? உருக்குப் போடலாம் என்று அவர் வாயால் சொன்னாரா? அத்தானிடம் கேட்டால், "கிருபா எல்லாம் பாத்தவன், நீ சும்மா இரு" என்கிறார். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் இந்தக் குடும்பத்தை நடத்தியிருக்க முடியாது.

ஒக்ரோபர் மூன்றாம் கிழமை போகிறார்கள். வித்தியா தானும் போய்ப் பக்கத்தில் நிற்கப் போகிறாளாம். ரெஜானின் மகளும் போகிறாளாம். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நேராகப் பதில் எழுது.

அக்கா


கோட்-டெ-நெய்ஜ்
8 ஒக்ரோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள். கடையில் அந்தக் கிழமை ஆட்கூட்டம் குறைவு, அதுதான் கெதியாகப் பார்த்துத் தந்தார். எல்லாம் சரியாம். நானும் என் பங்குக்கு அளவுகருவி வைத்துக் குழலை அளந்தேன், உள்விட்டம் சீராகத்தான் இருக்கிறது. இருபது வருடமாக இரும்போடு மாரடிக்கிறவன், எனக்குத் தெரியாதா?

முதலில் ஒன்றிரண்டு வெடி சுட்டுப் பார்த்துவிட்டு, குழலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது வீங்கினது போல இருந்தால் நிறுத்திவிடலாம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

வித்தியாவைக் கூட்டிப்போக வேண்டாம். குளிர், சேறு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அடுத்த வருடம் போகலாம். வித்தியா, மாமாவோடு கோபிக்காதே.

தம்பி,
கிருபா


5 நவம்பர் 2023

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை வித்தியா வாசிக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய், கட்டிலின் கால்மாட்டில் நின்றாய், ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போனாய். அதன் பிறகு போன் எடுத்தாலும் கோபிகாதான் கதைக்கிறாள். நீ வேலையாம், நித்திரையாம், குளிக்கிறாயாம். உனக்கும் மனம் தாங்கவில்லை என்று விளங்குகிறது.

அத்தான் சத்திர சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மற்ற இரண்டும் மடங்கவில்லை. குழலைத் தாங்கிப் பிடித்த கை அல்லவா? மூன்றாவது வெடியில் இடப்பக்கக் குழல் கை பிடித்த இடத்தில் வாழைத்தோல் மாதிரிக் கிழிந்து கிடந்ததாக ரெஜான் சொன்னார். தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு காரில் பறந்திருக்கிறார், நல்ல மனிதர். பொலிஸ் துவக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

உன் அத்தான் அழவில்லை. சட்டைப் பொத்தான் பூட்ட என்னைக் கூப்பிட வெட்கப்பட்டு நாள் முழுக்கப் பனியனோடு இருக்கிறார். கடையில் பால் பெட்டி தூக்க வித்தியாதான் பள்ளிக்கூடத்தால் ஓடி வருகிறாள். அவரைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது, கிருபா.

இதைச் சும்மா விடப்போவதில்லை. உருக்குப் போடலாம் என்று சொன்ன அந்தக் கடைக்காரர் பதில் சொல்லியாகவேண்டும். முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அவருடைய பெயரும் விலாசமும் உடனே அனுப்பு.

அக்கா


கோட்-டெ-நெய்ஜ்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு இப்போது எப்படி? நோவு குறைந்திருக்கிறதா? இரவில் நித்திரை கொள்கிறாரா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நாங்கள் இருக்கிறோம். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவேண்டும். இரண்டுமுறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

வித்தியாவைப் பெட்டி தூக்க விடாதீர்கள். சனி ஞாயிறுகளில் நான் வந்து கடைச் சாமான் அடுக்கித் தருகிறேன். கோபிகாவும் வருவாள்.

முறைப்பாடு விஷயம். அக்கா, அந்த மனிதருக்கு வயதாகிவிட்டது. மனுசி இல்லை, தங்கையோடு சேர்ந்து அந்தச் சின்னக் கடையை நடத்திக்கொண்டு போகிறார். அனுமதியைப் பறித்தால் கடையைப் பூட்டவேண்டியதுதான். போன விரல் திரும்பி வரப்போகிறதா? கடவுள் உயிரையாவது விட்டுவைத்தார் என்று நினைத்து இதை விட்டுவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


17 டிசம்பர் 2023

கிருபாவுக்கு,

சுகம் கேட்டாய். இல்லை.

நீ யாருடைய ஆள்? உன் அத்தான் ஒரு கையால் முகம் கழுவுகிறார், உனக்குக் கடைக்காரரின் மனுசி இல்லாததுதான் கவலையா? விலாசம் தராவிட்டால் கிடைக்காதா என்ன? வித்தியா இணையத்தில் தேடி எடுத்துத் தந்துவிட்டாள். ஜனவரி கடைசியில் வழக்கறிஞரைப் பார்க்கிறோம். முறைப்பாடும் எழுதியாகிவிட்டது. அத்தான்தான் கையெழுத்து வைக்காமல் இழுத்தடிக்கிறார். "ஏனப்பா?" என்று கேட்டால், "பேந்து பாப்பம்" என்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கிழவர் என்ன மருந்து கொடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. வித்தியாவைக் கூட்டிப்போக வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். நீ எழுதினபடியால்தான் மறித்தேன், அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவள் நிற்கவிருந்தது அத்தானின் இடப்பக்கம். என் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றினாய் என்று உனக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு யோசனை வருகிறது. சளி பிடிக்கும் என்று நீ அவளைப் பனியில் விளையாட விடாமல் மறித்ததே கிடையாது. ஏன் அப்படி எழுதினாய்?

சிவநேசம்


கோட்-டெ-நெய்ஜ்
6 ஜனவரி 2024

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாயில்லை. இதை வித்தியாவிடம் கொடுக்க வேண்டாம். தயவுசெய்து.

கடைக்காரர் அந்தத் துவக்கை அளக்கவில்லை. அன்று மேசையில் வைத்து "நல்ல வேலை" என்று சொன்னதோடு சரி. "உருக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "அளக்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், வைத்துவிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுத்தான் வந்தேன். பிறகு அத்தான் போன் எடுத்தார். "மச்சான், ஒருக்கா அவசரப்படுத்திப் பார்" என்றார். மற்ற நாளும் எடுத்தார். அவர் முதல் நாள் வேட்டையை விடப்போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த கிழமையே போய்த் துவக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். வேலைத்தலத்து அளவுகருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே அளந்தேன். இரண்டு குழலின் உள்விட்டமும் சீராக இருந்தது. இவ்வளவுதானே, இதற்கு ஏன் நாலு கிழமை என்று அந்த மனிதரை மனதுக்குள் நக்கலும் அடித்தேன். கடைக்காரர் பார்த்தார் என்று சொன்னால்தான் நீங்கள் விடுவீர்கள் என்பதால் அப்படியே எழுதினேன். ஆட்கூட்டம் குறைவு என்று எழுதியது சுத்தப் பொய்.

அதை எழுதி முடித்த பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. அதுதான் பிள்ளையை மறித்தேன். பிள்ளையை மறிக்கத் தெரிந்த எனக்கு அத்தானை மறிக்கத் தெரியவில்லை. "அத்தான், பொறுங்கோ, எனக்கு வடிவாத் தெரியாது" என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன்.

போன சனிக்கிழமை கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த குழலின் படத்தையும் காட்டினேன். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு காட்டித் தந்தார். தோட்டா உட்காருகிற அறை அந்தக் காலத்துக் கட்டைத் தோட்டாவுக்கு வெட்டியது. நான் வாங்கியது நீளத் தோட்டா. உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் முழுதாக விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலின் நுனி ஒடுங்கினது. ஈயம் மெது, நசுங்கிக்கொண்டு போய்விடும். உருக்கு நசுங்காது. இதெல்லாம் போதாதென்று இடப்பக்கக் குழலில் கை பிடிக்கிற இடத்தில் உள்ளே துரு தின்று ஒரு பக்கம் மெலிந்திருந்ததாம். நான் உள்விட்டத்தை அளந்தேன், குழல் சுவரின் தடிப்பை அளக்கவில்லை. நான் அளந்து பார்த்து, நீ கட்டை பிஸ்மத் தோட்டா எடுத்திருந்தால் ஒருவேளை சுட்டிருக்கலாம், இல்லாவிட்டால் சுவரில் மாட்டிவைக்கச் சொல்லியிருப்பேன் என்றார். நாலு கிழமை கேட்டது இதற்குத்தான்.

முறைப்பாட்டில் என் பெயரைப் போடுங்கள். பொலிசிலும் நானே போய்ச் சொல்கிறேன். அத்தானின் விரல்களைத் தின்றவன் நான்தான். இதை ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் தேத்தண்ணியையும் குடிக்க முடியாமல் ஓடிவந்தேன்.

கிருபா


11 பெப்ரவரி 2024

மச்சான் கிருபாவுக்கு,

நான் சுகம். கை இப்ப தண்ணிப் போத்தல் பிடிக்குது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, கதைக்கிற மாதிரித்தான் எழுத வருது, பிழை இருந்தால் என்ர மனுசி, கொக்கா, திருத்துவா. ஆனால் அவ இப்ப திருத்துற நிலையில இல்லை. உன்ர கடிதத்தை வாசிச்சிட்டு மடிச்சுச் சாமியறையில வைச்சவ. முறைப்பாட்டைக் கிழிச்சுப்போட்டா. உனக்கு எழுத மாட்டாவாம். எவ்வளவு காலத்துக்கு எண்டு நான் கேக்கேல்லை.

பொலிசுக்கு நீ போய்ச் சொன்னதும் அறிஞ்சன். நல்லது.

ஒண்டு நீ தெரிஞ்சிருக்க வேணும். கொக்காவுக்கும் நேற்றுத்தான் சொன்னனான். வேட்டைக்கு முதல் நாள் நான் அந்தக் கடைக்குப் போன் எடுத்தனான், நன்றி சொல்லுவம் எண்டு. ஒரு மனுசி எடுத்துக் கொப்பியைப் பாத்திட்டு, "அந்தத் துவக்கை அளக்க முதலே திருப்பி வாங்கிக்கொண்டு போட்டினம்" எண்டா. அப்பவே எனக்கு விளங்கிச்சு, நீதான் பாத்திருக்கிறாய் எண்டு. கோவம் வரேல்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாத்தான் இருந்தது. ஆரோ ஒரு வெள்ளைக்காரன் பாக்கிறதைவிட என்ர மச்சான் பாத்தது நல்லதுதானே எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திட்டன்.

அதுதான் நான் கையெழுத்து வைக்கேல்லை. நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நான் முந்திச் சொல்லியிருந்தால் கொக்கா உன்னைப் படியேற விட்டிருக்க மாட்டா.

அண்டைக்கு விடிய, சதுப்புக்குள்ள நிக்கேக்க, ரெஜான் என்ர தோட்டாப் பெட்டியைப் பாத்திட்டு, "இது உருக்கெல்லோ, இந்தத் துவக்கை ஆர் பாத்தது?" எண்டு கேட்டார். என்ர மச்சான் எண்டன். "கடைக்காரர் இல்லையோ? அப்ப வேண்டாம் ரவி, இந்தா என்ர துவக்கைப் பிடி" எண்டு தன்ர புதுத் துவக்கை நீட்டினார். மற்ற ஆக்களும் பாத்துக்கொண்டு நிண்டவை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. உன்னை அந்த ஆக்களுக்கு முன்னால குறைச்சுச் சொன்ன மாதிரி இருந்தது. அவற்ற துவக்கைத் தள்ளிவிட்டிட்டு, என்ரயில தோட்டாவைப் போட்டுச் சுட்டனான்.

அத்தான்,
இரவிச்சந்திரன்